ஐம்பத்தோரு மணி நேரம்: டெக்சாஸில் ஒரு கவுண்டி ஜெயிலுக்குள் நான் கற்றது

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஆபீஸ் ஆட்களோடு டின்னர், மூன்று கிளாஸ் ஒயின். வீடு பத்து நிமிஷ தூரம்தானே என்று வண்டியை எடுத்தேன். மனைவியும் மகளும் கோடை விடுமுறைக்குச் சென்னை போயிருந்தார்கள். கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குப் போகிறவனுக்கு வரும் அலட்சியம். பாதி வழியில் கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஊதச் சொன்னார்கள், ஊதினேன். டெக்சாஸில் வரம்பு 0.08, எனக்கு 0.11 வந்தது. விலங்கு மாட்டியபோது மணி பதினொன்று நாற்பது. திங்கள் அதிகாலை இரண்டே முக்காலுக்குத்தான் வெளியே வந்தேன்.

இங்கே நம்மவர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸப் குழுக்களில் கறிவேப்பிலைச் செடி எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து வீட்டுக்கடன் வட்டி வரை எல்லாம் பேசுவோம். இதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள். நானும் ஒரு வருஷம் பேசவில்லை. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. எந்த கவுண்டி என்று எழுதப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை. டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஜெயில் வைத்திருக்கும் கவுண்டிகளில் பெரும்பாலும் நடைமுறை ஒரே மாதிரிதான்.

எனக்கு அன்றுவரை ஜெயிலுக்கும் பிரிஸனுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்டனை பெற்றவர்களை வருஷக்கணக்கில் வைத்திருக்கும் பிரிஸன் மாநில அரசின் பொறுப்பு. கவுண்டி ஜெயிலோ மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் என்ற காவல் அதிகாரி கையில். கைதாகி ஜாமீனுக்கோ விசாரணைக்கோ காத்திருப்பவர்களும், சின்னக் குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள் தண்டனை பெற்றவர்களும்தான் பெரும்பாலும் அங்கே இருப்பார்கள். நாடு முழுக்க எண்ணினால் கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். இது தெரியாமல், உள்ளே இருக்கிற எல்லோரும் பயங்கரக் குற்றவாளிகள் என்று முதல் ராத்திரி முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போனதும் நடப்பதை புக்கிங் என்கிறார்கள். பர்ஸ், பெல்ட், ஷூ லேஸ், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினார்கள். போனும் அந்தப் பைக்குள் போய்விட்டது. பை மூடின பிறகுதான் உறைத்தது: எனக்கு யாருடைய நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது! மதுரையில் எங்கள் வீட்டில் இருந்த பழைய லேண்ட்லைன் நம்பர் கனவில் கேட்டாலும் சொல்வேன். இந்த ஊரில் தினம் பேசுகிற நண்பனின் நம்பர் தெரியாது. ஒரு நம்பர் மட்டும் விரலில் இருந்தது. மளிகைக் கடையில் பில் போடும்போது தள்ளுபடிக்காக என் பழைய ரூம்மேட்டின் நம்பரைத்தான் பதினொரு வருஷமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். அந்தத் தள்ளுபடி நம்பர்தான் என்னைக் காப்பாற்றியது. பை மூடுவதற்கு முன்னால், "இரண்டு நம்பர் எழுதிக்கொள்ளட்டுமா" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்களாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் விசாவில் என் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்திருக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்ஸிலும் அப்படியே. ஜெயிலர்கள் என்னை "மிஸ்டர் ஃப்னூ" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இதனாலேயே எனக்குப் பாதி நாள் வீணானது.

அடுத்து ஒரு நர்ஸ் வந்தார். கையில் ஒரு படிவம். ஏதாவது நோய் உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். முகத்தைப் பார்க்காமல், தட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் மாத்திரை. ஆனால் எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்றே சொன்னேன். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நோயாளி என்று சொன்னால் தனியாக எங்கேயாவது வைத்துவிடுவார்கள், தாமதமாகும் என்று ஒரு பயம். அதைவிட வெட்கம். அந்த வெளிச்சத்தில், அந்த நாற்காலியில், என்னைப் பற்றி இன்னும் ஒரு குறை சொல்ல வாய் வரவில்லை. இந்த ஐம்பத்தோரு மணி நேரத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான்.

அந்தப் படிவம் சும்மா சம்பிரதாயம் இல்லை. 2015 ஜூலையில் டெக்சாஸ் வாலர் கவுண்டியில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண்ணைச் சாதாரண போக்குவரத்து விதிமீறலுக்கு நிறுத்தி, வாக்குவாதம் முற்றிக் கைது செய்தார்கள். மூன்றாம் நாள் ஜெயில் அறையில் இறந்து கிடந்தார். ஜாமீன் 5,000 டாலர். அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் ஏஜென்ட்டிடம் சுமார் 500 கட்டினால் வெளியே வந்திருக்கலாம். முன்பு தற்கொலைக்கு முயன்றதாகச் சேர்க்கைப் படிவத்தில் பதிவாகியிருந்தும் கண்காணிப்பு சரியாக இல்லை என்ற விவரம் பிறகு வெளியே வந்தது. 2017இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. மனநலக் கவனிப்பு, அறைகளைச் சுற்றிப் பார்த்ததற்கு மின்னணுப் பதிவு, ஜெயிலில் யாராவது இறந்தால் வெளி அமைப்பின் விசாரணை என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதெல்லாம் வெளியே வந்த பிறகு படித்தது. எனக்கு ஒரு நிமிஷ அலுப்பாகத் தெரிந்த காகிதத்துக்குப் பின்னால் ஒரு உயிர் போயிருக்கிறது.

முதலில் வைத்தது ஹோல்டிங் செல்லில். சிமெண்டுத் திண்ணை, மூலையில் எவர்சில்வர் கழிப்பறை, அதன் தலையிலேயே கை கழுவும் தொட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மறைப்பு. பதினான்கு பேர். அந்தக் குளிரை என்னால் விவரிக்க முடியாது. ஜூலை மாத டெக்சாஸில் அரைக்கைச் சட்டையோடு நடுங்கினேன். விளக்கை அணைக்கவே இல்லை. கடிகாரமும் இல்லை. சுவரில் போன் இருந்தது. உள்ளே வந்த நாலு மணி நேரத்துக்குள் வக்கீலிடமோ குடும்பத்திடமோ பேச வழி செய்ய வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. அந்த ஒரே நம்பரை அழுத்தினேன். ரூம்மேட்டாக இருந்த நண்பன் எடுக்கவில்லை. மறுபடி, எடுத்தவுடன் கட். மூன்றாம் தடவையும் கட். "ஒரு கைதி உங்களை அழைக்கிறார், ஏற்க ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு இயந்திரக் குரல் சொன்னால் யார்தான் எடுப்பார்கள்? ஸ்பாம் என்று நினைத்திருக்கிறான். நாலாவது தடவை பெயர் சொல்லும் இடைவெளியில், பெயருக்குப் பதிலாக "மச்சான், நான்தான்டா, வைக்காதே" என்று தமிழில் கத்தினேன். எடுத்தான். அதற்குள் சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது.

அந்தப் போனில் வழக்கைப் பற்றி வாய் திறக்கவே கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வக்கீலோடு பேசுவதைத் தவிர மற்ற எல்லாமே பதிவாகும். தமிழில்தானே பேசுகிறோம் என்று நான் எத்தனை கிளாஸ் குடித்தேன் என்பது வரை சொல்லிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்க ஆள் கிடைக்காத ஊரா இது! எங்கே இருக்கிறேன், எந்தப் பெயரில் பதிவு, பிறந்த தேதி, எந்த மாத்திரை, இவ்வளவுதான் பேசியிருக்க வேண்டும். பெயரை நான் சொல்லவில்லை. அவன் கவுண்டி இணையதளத்தில் என் பெயரை முதல் பெயராகப் போட்டுத் தேடியிருக்கிறான். அப்படி யாரும் இல்லை என்று வந்திருக்கிறது. வேறு கவுண்டியாக இருக்குமோ என்று பக்கத்து ஜெயில்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜாமீன் ஏஜென்ட் ஒருவர் பிறந்த தேதியை வைத்துத்தான் கண்டுபிடித்தார். உங்கள் பாஸ்போர்ட்டிலும் இந்த எஃப்.என்.யூ. இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு திரை முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் மாஜிஸ்டிரேட். டெக்சாஸில் கைதான 48 மணி நேரத்துக்குள் இது நடந்தாக வேண்டும். என்ன குற்றச்சாட்டு, வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசு வக்கீல் கேட்கலாம், ஜாமீன் 2,000 டாலர். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அங்கேயே, "எனக்கு முன்வழக்கு எதுவும் இல்லை, வேலை இருக்கிறது, சொந்தப் பிணையில் விடுவீர்களா" என்று கேட்கலாமாம். கொடுப்பார்களா என்பது வேறு விஷயம், கேட்காதவனுக்கு நிச்சயம் கிடையாது. ஏஜென்ட் மூலம் போனால் வழக்கமாகப் பத்து சதவீதமோ கொஞ்சம் கூடவோ வாங்குவார்கள், அது திரும்ப வராது. எங்களிடம் 250 வாங்கினார். முழு 2,000 டாலரையும் நாமே கவுண்டியில் கட்டினால், எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக ஆஜரானவருக்கு வழக்கு முடிந்ததும் சின்னக் கட்டணம் போக மீதி திரும்பும். நண்பனிடம் அந்தப் பணம் இருந்தது. இருவருக்குமே தெரியவில்லை.

அன்று ராத்திரி பாட் என்னும் பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள். சுற்றிலும் அறைகள், நடுவில் இரும்பு மேஜைகள், உயரத்தில் ஒரு டிவி. பொட்டலம் போல மெல்லிய மெத்தை, ஒரு போர்வை, இரண்டு அங்குல டூத் பிரஷ். என் அறையில் அறுபது தாண்டிய ஒரு கறுப்பினப் பெரியவர். "முதல் தடவையா?" என்று கேட்டார். முகத்தில் எழுதியிருந்தது போல. நான் தெரிந்துகொண்டதில் பாதி அவர் சொன்னதுதான். எது வேண்டுமானாலும் காகிதத்தில் எழுதிக் கொடு, வாயால் கேட்டது காற்றோடு போய்விடும் என்றார். அந்தக் கோரிக்கைச் சீட்டுக்குக் கைட் என்று பெயர். பட்டமேதான்! சில ஜெயில்களில் இப்போது டேப்லெட்டில் அனுப்புகிறார்கள். தேதி, நேரம் போட்டு எழுது, நகல் இருந்தால் வைத்துக்கொள், பதில் வராவிட்டால் முறையீட்டுப் படிவம் கேள் என்றார்.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். காலை உணவு அதிகாலை நாலு மணிக்கு. மதியம் வெள்ளை பிரெட்டுக்கு நடுவில் பலோனி என்ற இளஞ்சிவப்பு இறைச்சித் துண்டு, ஒரு குக்கி, ஒரு ஆரஞ்சு. சனிக்கிழமை நான் அசைவம் தொடுவதில்லை. வெள்ளி ராத்திரி ஒயின் குடித்துவிட்டு ஜெயிலுக்கு வந்தவனுக்குச் சனிக்கிழமை விரதம் ஒரு கேடா என்று நீங்கள் கேட்பது புரிகிறது, ஆனால் பழக்கம் அப்படி. பலோனியைக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களிடம் குக்கியாக வாங்கிக்கொண்டேன். இரண்டு நாளில் எத்தனை குக்கி, எத்தனை வெள்ளை பிரெட் என்று கணக்கே இல்லை. மாத்திரையும் இல்லை. சைவ உணவோ மதம் சார்ந்த உணவோ வேண்டுமென்றால் அதற்கும் கைட் எழுதலாம், சாப்ளின் என்ற மத அலுவலர் வழியாகக் கேட்கலாம் என்று பெரியவர் சொன்னபோது ஞாயிறு காலை.

அன்று மதியம் தொண்டை வறண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழிப்பறை, கண் மங்கல். பெரியவர்தான் பார்த்தார். "உனக்குச் சர்க்கரையா?" என்றார். அவர் அம்மாவுக்கு இருந்ததாம். அவரே சீட்டு வாங்கி வந்து, பென்சிலைக் கையில் கொடுத்து, சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். 'உடம்பு சரியில்லை' என்று எழுதாதே. 'எனக்கு டயபடீஸ், 40 மணி நேரமாக மருந்து இல்லை, கண் மங்குகிறது' என்று எழுது என்றார். சுற்றி வந்த ஜெயிலரிடம் அதையே சத்தமாகவும் சொன்னார். அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தார். 312. எந்தக் கடையில் மருந்து வாங்குகிறேன் என்று கேட்டு, அங்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டு, ஜெயில் மருந்தறையிலிருந்தே மாத்திரை தந்தார்கள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதே நர்ஸ்தான் வெள்ளி ராத்திரி என்னிடம் கேட்டவர். "சார், நான் கேட்டேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் இல்லை என்னிடம்.

உள்ளே இருப்பவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது அவர்கள் தயவு இல்லை, சட்டக் கடமை. அந்தச் சட்டமே டெக்சாஸில் பிறந்தது. ஜே.டபிள்யூ. கேம்பிள் என்ற சிறைக்கைதி வேலை செய்யும்போது பஞ்சுப் பொதி விழுந்து முதுகில் அடிபட்டார். சிகிச்சை சரியில்லை என்று வக்கீல் இல்லாமல் தானே மனு எழுதிப் போட்டார். கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது அரசியலமைப்பு தடை செய்த கொடிய தண்டனைக்குச் சமம் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேம்பிளுக்குத் தன் வழக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை, கோட்பாடு மட்டும் நிலைத்தது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தான் அது கடமை. தெரியவே தெரியாது என்றால் யாரைக் குறை சொல்வது? பல இடங்களில் மருத்துவருக்குச் சின்னக் கட்டணம் எடுப்பார்கள், கணக்கில் பணம் இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது.

கவுண்டி ஜெயில்களுக்கு மாநில அளவில் ஒரு ஆணையம் இருக்கிறது, ஜெயில் தரநிலைகள் ஆணையம், 1975இல் அமைத்தது. 48 கைதிகளுக்கு ஒரு ஜெயிலராவது வேண்டும். மணிக்கு ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும், ஆபத்தில் இருப்பவர்களை அரை மணிக்கு ஒரு தடவை. 24 மணி நேரத்தில் மூன்று வேளை உணவு. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை 20 நிமிஷச் சந்திப்பு. இதெல்லாம் அவர்கள் விதி. உறவினர்கள் நேரடியாக அங்கே புகார் அனுப்பலாம். நான் அனுப்பவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. குளிரும் காத்திருப்பும்தான்.

நம்மவர்களுக்கு முக்கியமானது இன்னொன்று. புக்கிங்கில் எடுக்கும் கைரேகை மத்திய அரசின் குடிவரவுத் துறைக்கும் போகும். ஆவணம் இல்லாதவர் என்றால், ஜாமீன் கட்டினாலும் 48 மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கச் சொல்லி ஐஸ் என்னும் குடிவரவு அமலாக்கப் பிரிவு கேட்கலாம். எனக்கு எச்1பி என்ற வேலை விசா செல்லுபடியாக இருந்ததால் அது வரவில்லை. அந்தத் துறை பற்றிய கேள்விகளுக்கு வக்கீல் வரும்வரை அமைதியாக இருக்கலாம், பொய் மட்டும் சொல்லவே கூடாது. இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கட்டுமா என்றும் கேட்டார்கள். வெளிநாட்டவரிடம் அப்படிக் கேட்பது வியன்னா ஒப்பந்தப்படி அவர்கள் கடமை. வேண்டாம் என்றேன், மறுபடி வெட்கம். அவர்கள் வந்து வெளியே எடுக்க மாட்டார்கள், ஆனால் குடும்பத்துக்குத் தகவல் சொல்லியிருப்பார்கள். சென்னையில் என் மனைவி இரண்டு நாள் என் போனை அடித்து அடித்து அழுதிருக்கிறாள்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜாமீன் கட்டியாகிவிட்டது. வெளியே விட்டது அதிகாலை இரண்டே முக்காலுக்கு. பழைய வாரண்ட் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது, காகிதம், ஷிப்ட் மாற்றம் என்று அத்தனை நேரம். போனில் சார்ஜ் இல்லை. பர்ஸில் இருந்த 86 டாலர் ரொக்கத்தை ஒரு பிளாஸ்டிக் கார்டில் போட்டுக் கொடுத்தார்கள், எடுப்பதற்குக் கட்டணம். நண்பன் பார்க்கிங்கில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தான். திட்டவே இல்லை. தெர்மாஸில் ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்திருந்தான். காரில் உட்கார்ந்து அழுதேன்.

செலவுக் கணக்கு: வண்டியை இழுத்துப்போய் வைத்ததற்கு 412, ஏஜென்ட்டுக்கு 250, வக்கீலுக்கு 4,500. கார் இன்சூரன்ஸ் ஏறியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. லைசென்ஸ் விஷயத்தில் 15 நாள் கெடு உண்டு. அதற்குள் தனியாக விசாரணை கேட்காவிட்டால் இடைநீக்கம் தானாக வந்துவிடும். அந்தக் கெடு எழுதிய காகிதத்தை நான் மடித்துப் பையில் வைத்து மறந்துவிட்டேன், பதின்மூன்றாம் நாள் வக்கீல் கேட்டபோதுதான் எடுத்தேன். கிரிமினல் வக்கீல் உங்கள் குடிவரவு விளைவையும் சொல்லியாக வேண்டும் என்று 2010இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வழக்கை முடிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். டெக்சாஸ் சட்டத்தில் தண்டனையாகக் கணக்கில் வராத சில ஏற்பாடுகளைக் குடிவரவுச் சட்டம் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும்.

வழக்கு பதினொரு மாதம் இழுத்து, சின்னக் குற்றமாகக் குறைந்து முடிந்தது. ஆனால் கைதான இரண்டாம் மாதமே அமெரிக்கத் தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது, விசா ரத்து என்று. குடித்து ஓட்டிய வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள், கைதே போதும். இங்கே இருக்கிற வரை வேலைக்குப் பாதிப்பு இல்லை. ஊருக்குப் போனால் புது விசா, அவர்கள் சொல்லும் டாக்டரிடம் பரிசோதனை, எத்தனை நாளாகும் என்று தெரியாது. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

வெளியே வந்த வாரம், அந்தப் பெரியவர் கணக்கில் 25 டாலர் போட்டேன். அவர் 500 டாலர் ஏஜென்ட் கட்டணம் புரட்ட முடியாமல் நாற்பது நாளாக அங்கே இருந்தார். பெயரும் கைதி எண்ணும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம், உள்ளே நூடுல்ஸ், காபித்தூள், சோப்பு வாங்கிக்கொள்வார்கள். கட்டணமாக ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் தினமும் காலையில் கவுண்டி பட்டியலில் அவர் பெயரைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. மூன்று வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை தேடினேன், இல்லை. பிறந்த தேதி தெரியாததால் வேறு வழியில் தேட முடியவில்லை.